குளிர்ந்த என்ஜினும் இரண்டு சாட்சிகளும்: பழைய கார் ஒன்றைச் சோதித்து வாங்கிய பதிவு

என் தங்கைக்காகப் பழைய கார் தேடியபோது இரண்டு வண்டிகளைப் பார்த்தோம். முதல் வண்டியை இருபது நிமிடத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தோம். இரண்டாவது வண்டியை இரண்டு நாள்களில் ஏறத்தாழ ஆறு மணி நேரம் சோதித்த பிறகு வாங்கினோம். இந்தப் பதிவின் பெரும்பகுதி அந்த இரண்டாவது வண்டியைப் பற்றியது. சோதனை முழுவதும் நான் கடைப்பிடித்த விதி ஒன்றுதான்: எந்தக் குறையையும் ஒரே அடையாளத்தைக் கொண்டு முடிவு செய்யக் கூடாது, ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு இடங்களிலாவது அது தென்பட வேண்டும். அதேபோல, எந்த நல்ல செய்தியையும் ஒரே சாட்சியின் சொல்லுக்காக நம்பிவிடக் கூடாது.

இந்த விதியை நான் நட்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் எனக்கென ஒரு கார் வாங்கச் சென்றபோது, நான் போய்ச் சேர்வதற்குள் விற்பவர் வண்டியை ஓட்டி என்ஜினைச் சூடாக்கி வைத்திருந்தார். அது சீராக ஓடியது. நானும் மகிழ்ந்து வாங்கிவிட்டேன். ஒரு மாதத்துக்குள் கூலண்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) குறையத் தொடங்கி, ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர்களின் மேல்மூடிக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடு) பழுதாகியிருப்பது தெரியவந்தது. கேஸ்கெட்டில் சிறு கசிவு இருந்தால், இரவு முழுவதும் நிற்கும் வண்டியில் கூலண்ட் சொட்டுச் சொட்டாகச் சிலிண்டருக்குள் இறங்கியிருக்கும். காலையில் முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போது அந்தச் சிலிண்டர் தடுமாறும், வெண்புகை வரும். சூடேறிய பிறகு அந்த அடையாளங்கள் மறைந்துவிடக்கூடும். அன்று முதல், வண்டியைப் பார்க்கப் போனவுடன் நான் செய்யும் முதல் காரியம், பானெட்டின் மீது உள்ளங்கையை வைத்துப் பார்ப்பதுதான். சூடாக இருந்தால் வேறொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுவேன்.

கருவிகள் என்று பெரிதாக எதுவும் வேண்டியதில்லை. நல்ல டார்ச் விளக்கு, நீளக் கைப்பிடி கொண்ட சிறு கண்ணாடி, பெயிண்ட் தடிமன் காட்டும் மீட்டர், டயர் பள்ளத்தின் ஆழம் அளக்கும் கோல், தடிமன் அளக்கும் வெர்னியர், மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டர், வண்டியின் கணினியில் பதிவானவற்றைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர், பழைய துணி, தரையில் படுப்பதற்கு ஒரு விரிப்பு ஆகியவற்றை எடுத்துச் சென்றேன். இவற்றில் ஒன்றை மட்டுமே வாங்க முடியும் என்றால் ஸ்கேனரை வாங்குங்கள் என்பேன். அதற்கான காரணம் பின்னால் வரும்.

முதல் வண்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெளியே கண்ணாடிபோல் பளபளத்தது. உள்ளே நறுமணப் பொருளின் வாசனை மிகுதியாக இருந்தது. பின்னிருக்கையின் பெல்ட்டை அதன் கடைசி முனை தெரியும்வரை இழுத்துப் பார்த்தேன். சாதாரணமாக வெளியே தெரியும் பகுதி சுத்தமாக இருக்க, உருளைக்குள் சுருண்டிருக்கும் பகுதியில் பழுப்பு நிறத்தில் குறுக்காக ஒரு கறைக்கோடு இருந்தது. இருக்கையையும் தரைவிரிப்பையும் கழுவுகிறவர்கள் பெல்ட்டை முழுமையாக இழுத்துக் கழுவ மறந்துவிடுகிறார்கள். இது முதல் சாட்சி. டிக்கியின் அடியில் ஸ்டெப்னி வைக்கும் குழியின் மடிப்புகளில் காய்ந்த வண்டல் படிந்திருந்தது. இருக்கைத் தண்டவாளங்களின் போல்ட்டுகள் துருப்பிடித்திருந்தன. வெள்ளத்தில் நின்ற வண்டி அது. வெள்ளநீர் புகுந்த வண்டியின் ஒயர் இணைப்புகள் மாதக்கணக்கில் மெல்ல அரித்துக்கொண்டே இருக்கும் என்பதால், என்ஜினைக் கேட்டுப் பார்க்கக்கூட நான் விரும்பவில்லை.

இரண்டாவது வண்டி 2016இல் தயாரானது. நான்கு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின், கைகியர், மீட்டரில் 86,000 கிலோமீட்டர். உரிமையாளர் ஓய்வுபெற்றவர், அமைதியானவர். நான் ஒவ்வொன்றையும் தொடுவதற்கு முன் அவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டேன். அது மரியாதைக்காக மட்டுமன்று. கேட்டுச் செய்தால் அவர் அருகிலேயே நின்று தானாகவே பல செய்திகளைச் சொல்லுவார். பானெட் குளிர்ந்திருந்தது. சேஸிஸில் பொறித்த 17 இலக்க எண்ணைப் பதிவுச் சான்றோடு ஒப்பிட்டேன். அந்த எண்ணில் ஆங்கில ஐ, ஓ, கியூ எழுத்துகள் வருவதில்லை, ஒன்று சுழியம் ஆகியவற்றோடு குழம்பிவிடும் என்பதால். அவற்றில் ஒன்று தென்பட்டால் எண்ணையே ஐயுற வேண்டும். பொறித்த இடத்தைச் சுற்றித் தேய்ப்போ வெல்டிங்கோ இல்லை.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் கூலண்ட் தொட்டியையும் ஆயிலையும் பார்த்தேன். கூலண்டில் எண்ணெய்ப் படலம் இல்லை; அதன் குளிர்ந்த மட்டத்தை, உரிமையாளரின் அனுமதியோடு, தொட்டியின் வெளிப்புறத்தில் பேனாவால் ஒரு சிறு கோடிட்டுக் குறித்துக்கொண்டேன். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தபோது எனக்கு நெஞ்சு படபடத்தது. மூடியின் அடியில் வெளிர்மஞ்சள் நிறத்தில், கடைந்தெடுத்ததுபோல் ஒரு நுரைப்பசை ஒட்டியிருந்தது. என் பழைய வண்டியில் கடைசியில் பார்த்ததும் இதைத்தான். ஆயிலில் நீர் கலந்தால் இப்படி ஆகும். ஆனால் அந்த நீர் ஹெட் கேஸ்கெட் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும் என்பதில்லை. தினமும் சிறு தூரம் மட்டும் ஓடி, ஆயில் முழுச் சூட்டை அடையாமலேயே நிறுத்தப்படும் என்ஜினில், எரிதலில் உண்டாகும் நீராவி மூடியின் அடியில் குளிர்ந்து படிவதாலும் இதே பசை தோன்றும். ஆயில் அளவுகோலில் இருந்த ஆயில் கருமையாக, தெளிவாக இருந்தது. அதில் பால்நிறம் இல்லை. உரிமையாளரிடம் தினசரி ஓட்டம் பற்றிக் கேட்டதற்கு, கடைத்தெருவுக்கும் வீட்டுக்குமாக நான்கு கிலோமீட்டர்தான் என்றார். ஒரு சாட்சி பயமுறுத்தியது, இரண்டு சாட்சிகள் தேற்றின. மூடியைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, முடிவை ஒத்திவைத்தேன்.

தங்கையைச் சைலன்சருக்குப் பின்னால் நிற்கச் சொல்லிவிட்டு ஸ்டார்ட் செய்தேன். உடனே பிடித்துக்கொண்டது. டைமிங் செயின் கொண்ட என்ஜின் என்பதால் முதல் சில விநாடிகளில் செயின் தளர்ந்து கடகடக்கிறதா என்று காதை வைத்துக் கேட்டேன், இல்லை. நீலப்புகை இருந்தால் ஆயில் எரிகிறது, கரும்புகை இருந்தால் பெட்ரோல் மிகுதி, அடர்ந்த வெண்புகை நிற்காமல் வந்தால் கூலண்ட். தங்கை கண்டது மெல்லிய நீராவி மட்டுமே. இரண்டு நிமிடத்தில் அதுவும் நின்றது. ஐட்லிங்கில் ஆயில் மூடியைச் சற்றே திறந்து பார்த்தேன். பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருந்தால் அங்கிருந்து புகை விட்டுவிட்டு உந்தி வரும், இங்கே அப்படி இல்லை.

பிறகு உடல். பெயிண்ட் மீட்டரை முதலில் கூரையில்தான் வைக்க வேண்டும், அங்கே அடிபட வாய்ப்புக் குறைவு. அந்த அளவே மற்ற எல்லாவற்றுக்கும் அடிப்படை. கூரை 112 முதல் 124 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) காட்டியது. தொழிற்சாலைப் பெயிண்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் அளவில் இருக்கும். பானெட்டும் வலப்பக்கக் கதவுகளும் அதே அளவில் இருந்தன. இடப்பக்கப் பின்கதவு 260 முதல் 310 மைக்ரான். அதாவது மறுபடி பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். அதையடுத்த பின் குவார்ட்டர் பேனலின் கீழ்ப்பகுதியில் ஓரிடத்தில் 900 மைக்ரானைத் தாண்டியது. அங்கே பெயிண்டுக்கு அடியில் பட்டி, அதாவது நசுங்கலை நிரப்பும் பசை, இருக்கிறது.

இங்கேதான் பலரும் பின்வாங்கிவிடுகிறார்கள், அல்லது மீட்டரே இல்லாததால் எதையும் அறியாமல் வாங்கிவிடுகிறார்கள். பெயிண்ட் அடித்ததே குற்றமாகாது. அதற்கு அடியில் இரும்பு எவ்வளவு நகர்ந்தது என்பதே கேள்வி. நான்கு கதவுக் கண்ணாடிகளின் மூலைக்குறிகளையும் ஒப்பிட்டேன். மூன்றில் ஒரே தயாரிப்பாளர், ஒரே ஆண்டுக்குறி, இடப் பின்கதவில் மட்டும் வேறு. கீல் போல்ட்டுகளின் விளிம்பில் பெயிண்ட் உடைந்திருந்தது. டயர்களின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும்: மூன்று டயர்களில் 3521, அதாவது 2021ஆம் ஆண்டின் 35ஆம் வாரம், இடப் பின்டயரில் மட்டும் 1123. ஆக, 2023இல் அல்லது அதற்குப் பிறகு இந்த மூலையில் டயரையும் மாற்றும் அளவுக்கு ஏதோ நடந்திருக்கிறது என்று ஊகித்தேன். உரிமையாளரிடம் நேரடியாகக் கேட்டேன். குறுகலான வாயிலில் திரும்பும்போது கல்தூணில் உரசி, கதவை மாற்றியதாகவும் டயர் பக்கவாட்டில் கிழிந்ததாகவும் சொன்னார். அவர் சொன்ன கதையும் நான் கண்ட அடையாளங்களும் பொருந்தின.

இருந்தாலும் இரும்பைப் பார்த்தாக வேண்டும். கதவுச் சட்டத்தின் ரப்பரை மெல்ல உரித்து, உள்ளே தூண்களிலும் கீழ்விளிம்பிலும் தொழிற்சாலையில் வைத்த புள்ளி வெல்டிங்குகள் சீரான இடைவெளியில் இருக்கின்றனவா என்று பார்த்தேன். இருபக்கமும் ஒரே மாதிரி இருந்தன. டிக்கித் திறப்பின் இரண்டு மூலைவிட்டங்களையும் நாடாவால் அளந்தேன். வேறுபாடு 2 மில்லிமீட்டருக்குள். டிக்கித் தரையில் சுருக்கமோ புது சீலண்ட்டோ இல்லை. பக்கவாட்டு மோதல் என்பதால் ஏர்பேக் விளக்கையும் கவனித்தேன். சாவியைத் திருப்பியதும் அது எரிந்து சில விநாடிகளில் அணைய வேண்டும். அணையாமல் இருப்பது எவ்வளவு கெட்ட அறிகுறியோ, எரியாமலே இருப்பது அதைவிடக் கெட்டது. இங்கே எரிந்து அணைந்தது. தூணில் உரசியது தோலோடு நின்றுவிட்டது என்ற முடிவுக்கு வந்தேன்.

அடியில் படுத்துப் பார்த்ததில் கிடைத்தவை எல்லாம் சாதாரண வயதுக் குறைகள். முன் டயர்களின் உள்விளிம்பில் பள்ளம் 2.1 மில்லிமீட்டர், வெளிவிளிம்பில் 4.6, காரணம் தேடியதில் சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்ம்கள் இரண்டிலும் பின்புற ரப்பர் புஷ்கள் கிழிந்திருந்தன. டயர் பள்ளத்துக்குள் இருக்கும் தேய்மானக் குறி 1.6 மில்லிமீட்டரில் வெளிப்படும், ஆகவே இந்த டயர்களுக்கு ஆயுள் முடிந்துவிட்டது என்றே கொண்டேன். பிரேக் டிஸ்க்கை அளப்பதில் ஒரு சிறு நுட்பம் உண்டு: டிஸ்க்கின் வெளிவிளிம்பு தேயாமல் வரம்புபோல் நிற்பதால் வெர்னியரின் தாடைகள் அந்த வரம்பில் தட்டி, உண்மையைவிட அதிகமாகக் காட்டும். இருபுறமும் ஒரே தடிமன் கொண்ட இரண்டு வாஷர்களை வரம்புக்கு உட்புறமாக வைத்து அளந்து, வாஷர்களின் தடிமனைக் கழித்தேன். 20.4 வந்தது, டிஸ்க்கில் பொறித்திருந்த குறைந்தபட்ச அளவு 20. விரைவில் மாற்ற வேண்டும்.

அடுத்து ஸ்கேனர். எச்சரிக்கை விளக்கு எரியவில்லை, பிழைக்குறியீடு ஏதும் இல்லை. பெரும்பாலோர் இந்த இடத்தில் ஸ்கேனரைக் கழற்றிவிடுவார்கள். ஆனால், குறியீடுகளை அழிப்பது யாராலும் ஒரு நிமிடத்தில் செய்யக்கூடிய காரியம். அழித்தால் அதோடு கணினியின் தற்சோதனை முடிவுகளும் அழிந்துவிடும். வினையூக்கி (வெளியேறும் புகையைச் சுத்திகரிக்கும் பகுதி), ஆக்சிஜன் சென்சார், எரிபொருள் ஆவி அமைப்பு (டாங்கின் பெட்ரோல் ஆவி வெளியேறாமல் தடுப்பது) ஆகியவற்றைக் கணினி மறுபடி ஓட்டத்தின்போது சோதித்து முடிக்கும்வரை "முழுமையடையவில்லை" என்றே காட்டும். இந்த வண்டியில் மூன்றும் முழுமையடையவில்லை. குறியீடுகள் அழிக்கப்பட்ட பிறகு ஓடிய தூரம் என்ற பதிவைத் திறந்தேன்: 14 கிலோமீட்டர்.

உரிமையாளரிடம் கேட்டதற்கு, போன வாரம் பேட்டரி மாற்றியதாகச் சொன்னார். பேட்டரியைக் கழற்றினாலும் பல வண்டிகளில் இந்தப் பதிவுகள் அழியும் என்பதால், அது ஏற்கத்தக்க விடைதான். ஆனால் பேட்டரியின் மீதிருந்த முத்திரை இரண்டு ஆண்டுக்கு முந்தைய தேதியைக் காட்டியது. முனைகளின் கவ்விகளில் வெண்பொடி கலையாமல் படிந்திருந்தது, போல்ட்டில் ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. மல்டிமீட்டரில் ஓய்வுநிலை 12.5 வோல்ட், ஓடும்போது 14.2 வோல்ட். நல்ல பேட்டரி, ஆனால் பழைய பேட்டரி. இரண்டு சாட்சிகளும் அவர் சொல்லுக்கு மாறாக நின்றன.

நான் அவரைப் பொய்யர் என்று சொல்லவில்லை. அப்படி நினைக்கவும் இல்லை. வண்டியை விற்க வேண்டும் என்ற பதற்றத்தில் மனிதர்கள் சிறு குறையையும் பெரிதாக எண்ணி மறைக்கிறார்கள். நான் சொன்னது இவ்வளவே: "ஐயா, உங்கள் வண்டி எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு வாரம் வழக்கம்போல ஓட்டுங்கள், ஒருமுறையாவது நீண்ட தூரம் போய்வாருங்கள். இடையில் யாரும் ஸ்கேனரைப் போட்டு அழிக்க வேண்டாம். நான் மறுபடி வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன்." அவர் சற்று யோசித்துவிட்டுச் சம்மதித்தார். இடையில் அழித்தால் தூரம் மறுபடி சுழியத்திலிருந்து தொடங்கும் என்பதால், அந்த எண்ணே எனக்குக் காவலாக இருந்தது.

எட்டாவது நாள் போனேன். பானெட் குளிர்ந்திருந்தது. கூலண்ட் பேனாக்கோட்டில் நின்றது. நான் துடைத்த ஆயில் மூடி, நீண்ட ஓட்டம் ஒன்றுக்குப் பிறகு, சுத்தமாகவே இருந்தது. அழிக்கப்பட்ட பின் ஓடிய தூரம் 212 கிலோமீட்டர். வினையூக்கியும் ஆக்சிஜன் சென்சாரும் சோதனையில் தேறியிருந்தன. ஆவி அமைப்பின் சோதனை மட்டும் நிலுவை; டாங்கில் பெட்ரோல் மிகக் குறைவாகவோ நிறையவோ இருந்தால் அது நடக்காது, இவரது டாங்க் ஏறத்தாழ நிரம்பியிருந்தது. ஆனால் உறுதிப்படாத குறியீடு ஒன்று வந்து நின்றது: பி0302, இரண்டாவது சிலிண்டரில் எரிதல் தவறுகிறது.

எரிதல் தவறுவதற்குக் காரணம் ஸ்பார்க் பிளக், அதற்கு உயர் மின்னழுத்தம் தரும் காயில், பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர் என்று எளியதாகவும் இருக்கலாம். வால்வு, பிஸ்டன் வளையம், கேஸ்கெட் என்று பெரியதாகவும் இருக்கலாம். முதலில் மேட்டுச் சாலையில் ஏசியைப் போட்டு, உயர் கியரில், என்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஓட்டினேன். அழுத்தி மிதித்தபோது மெல்லிய உதறல் கிடைத்தது, சமதரையில் இல்லை. பளு ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், அந்த அழுத்தத்தில் பொறி தாவ அதிக மின்னழுத்தம் வேண்டும். சூட்டில் உள்காப்பு பலவீனமான காயில் அங்கேதான் தோற்கும். திரும்பி வந்து, உரிமையாளரின் சம்மதத்தோடு, இரண்டாம் சிலிண்டரின் காயிலையும் நான்காம் சிலிண்டரின் காயிலையும் இடம் மாற்றிப் பொருத்தினேன். வேறு எதையும் தொடவில்லை. மறுபடி அதே மேடு, அதே ஏசி, அதே கியர். இம்முறை புதிதாக வந்தது பி0304. குறை காயிலோடு சேர்ந்து நான்காம் சிலிண்டருக்கு இடம்பெயர்ந்துவிட்டது.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் காயில் கெட்டிருப்பது சிலிண்டர் நன்றாக இருக்கிறது என்பதற்குச் சாட்சியாகாது. எனவே அருகிலிருந்த ஒரு பணிமனையில் கம்ப்ரெஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் உண்டாகும் அழுத்தம், பார்க்கச் சொன்னேன். சூடான என்ஜின், நான்கு பிளக்குகளும் வெளியே, பெட்ரோலும் பொறியும் துண்டிப்பு, ஆக்சிலரேட்டர் முழுவதும் மிதித்த நிலை, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஆறு அமுக்கச் சுற்றுகள். மெக்கானிக் சொன்ன எண்களைத் தங்கை எழுதிக்கொண்டாள்: 12.6, 12.4, 12.7, 12.3 பார். உச்சத்துக்கும் தாழ்வுக்கும் இடையே 4 விழுக்காடுகூட இல்லை. கழற்றிய பிளக்குகளில் இரண்டாவது மட்டும் சற்றுக் கருத்திருந்தது. எரியாத பெட்ரோல் வினையூக்கிக்குள் போய் அதைச் சுட்டிருக்குமோ என்ற கவலை இருந்தது. வினையூக்கிக்குப் பின்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரின் மின்னழுத்தம் 0.7 வோல்ட் அளவில் அசையாமல் நிற்க, அதற்கு முன்னால் இருக்கும் சென்சார் 0.1க்கும் 0.9க்கும் இடையே ஆடிக்கொண்டிருந்தது. வினையூக்கி தன் வேலையைச் செய்கிறது.

உரிமையாளரிடம் எல்லாவற்றையும் காட்டினேன். எச்சரிக்கை விளக்கு ஒருமுறை எரிந்ததாகவும், தெரிந்தவர் ஒருவர் என்ஜினையே பிரிக்க நேரலாம் என்று பயமுறுத்தி, விளக்கை அணைத்துத் தந்ததாகவும் அப்போதுதான் சொன்னார். அவர் முகத்தில் இருந்த நிம்மதி எனக்கும் நிம்மதியாக இருந்தது. மாற்ற வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதி, அவற்றின் செலவை விலையில் கழித்துக் கேட்டோம், அவர் மறுக்கவில்லை.

மற்ற சோதனைகளில் சொல்லத்தக்கது குறைவு. ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்து இருபுறமும் வட்டமடித்ததில் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கடத்தும் சி.வி. ஜாயின்ட்டில் சத்தம் இல்லை. உயர் கியரில், தாழ்ந்த வேகத்தில் அழுத்தி மிதித்தபோது என்ஜின் மட்டும் எகிறி வேகம் கூடாமல் நிற்கவில்லை, ஆகவே கிளட்ச் நன்று. வேகத்தோடு ஏறும் ரீங்காரம் இல்லை, பேரிங்குகள் நன்று. பிரேக் மிதியின் ரப்பர், ஸ்டீயரிங்கின் மேல்தோல், ஓட்டுநர் இருக்கையின் வெளிவிளிம்பு, சர்வீஸ் ரசீதுகள் எல்லாம் 86,000 என்ற எண்ணோடு ஒத்துப்போயின.

வாங்கிய முதல் இரண்டு வாரத்தில் ஒரு காயில், நான்கு ஸ்பார்க் பிளக்குகள், லோயர் ஆர்ம் புஷ்கள், முன் டிஸ்க்குகளும் பேடுகளும், இரண்டு முன் டயர்கள் ஆகியவற்றை மாற்றி, வீல் அலைன்மென்ட் செய்தோம். பிரேக் ஆயிலை மாற்றியதற்குக் காரணம் அதன் வயது: அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் பொருள், டாட் 4 வகையில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியஸ் இருக்க வேண்டிய கொதிநிலை, ஈரம் ஏறும்போது 155 வரை இறங்கலாம். என்ஜின் ஆயிலையும் வடிகட்டியையும் மாற்றினோம். தங்கையிடம் வாரத்துக்கு ஒருமுறையாவது அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டச் சொல்லியிருக்கிறேன்.

இன்று காலை 1,140 கிலோமீட்டர் முடிந்த நிலையில் மறுபடி பார்த்தேன். ஆவி அமைப்பு உட்பட எல்லாத் தற்சோதனைகளும் முழுமை. நான்கு சிலிண்டர்களிலும் எரிதல் தவறிய எண்ணிக்கை சுழியம். ஆயில் மூடி சுத்தமாக இருக்கிறது. கூலண்ட், முதல் நாள் நான் பேனாவால் இட்ட கோட்டிலேயே நிற்கிறது.